காதுக்கு மட்டும்

தாராவி
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள செல்விக்கு,

டென்சில் அண்ணன் எழுதுவது. ஒரே ஊருக்குள் தாராவியிலிருந்து மான்குர்த்துக்கு யாராவது தபாலில் கடிதம் போடுவார்களா என்று சிரிப்பாய். என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். வீட்டில் உன் மதினி சுனிதாவின் போனிலிருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். நான் வேறு என்ன செய்ய? உன் அக்கா வீட்டு முகவரியை கணேசபாண்டியன் அண்ணாச்சியிடம் வாங்கினேன். நம் பாட்டுக் குழுவை நடத்துகிறவர் என்று எல்லோருடைய முகவரியும் அவரிடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் கொடைத் திருவிழா மேடையில் நடந்ததை நினைத்து மனதைக் குழப்பிக்கொள்ளாதே. ஆறுமுகத்தாய் அக்காவுக்கு அருள் வந்து, ஆடிக்கொண்டே மேடையின் இரும்பு விளிம்பில் விழப்போனார்கள். நீ மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பிடித்தாய். பிடிக்காவிட்டால் மண்டை உடைந்திருக்கும். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீ பாடாத அந்த நேரத்தில் உன் குரல் மட்டும் மூன்று வரி தானாக ஓடியதே, அதைத்தான் பேசுகிறார்கள்.

மெஷின் என்றால் கோளாறு வரத்தான் செய்யும். நான் வாசிக்கும் கீபோர்டு புதுசு, மைக் செட் சைஃபின் மிக்சர் பழசு, மழை ஈரம் வேறு. எங்கேயோ எதுவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு வாரத்தில் ஜனங்கள் மறந்துவிடுவார்கள். தொண்டைக்குச் சுக்கு போட்டுக் குடி. சனிக்கிழமை பயிற்சிக்கு வந்துவிடு.

டென்சில்


மான்குர்த்
21 ஆகஸ்ட் 2024

டென்சில் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தத் தடவை அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை. தப்பாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

மழை ஈரத்தில் காளான் முளைக்கும். என் குரல் எப்படி முளைத்தது?

நடந்ததை நீங்கள் எனக்கே சொல்லியிருக்கிறீர்கள். நான் எங்கே இருந்தேன் என்று இப்போது நான் சொல்கிறேன். ஆறுமுகத்தாய் அக்கா என் மடியில் கிடந்தார்கள். என் இரண்டு கையும் அவர்கள் தோளில். வாயை இறுக மூடியிருந்தேன். ஆனால் பாட்டு என் குரலில் போய்க்கொண்டே இருந்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "எம்மா, தாயே பாடுதா!" என்று ஒருத்தி அழுதாள். பொய் சொல்லமாட்டேன், ஒரு நொடி எனக்கே புல்லரித்தது. அப்புறம்தான் பின்னாலிருந்து ஒருவன் கத்தினான், "ஏல, டேப்புல! டேப்பு போட்டுல்லா வாயசைக்கா!"

பதினாறு வருஷமாகப் பாடுகிறேன். ஒரு நாளும் வாயசைத்தது இல்லை. ஜுரத்தோடு பாடியிருக்கிறேன். பிள்ளை வயிற்றில் ஒன்பதாம் மாதத்தில் உட்கார்ந்து பாடியிருக்கிறேன். கோயில் கமிட்டிச் செயலாளர் அதே மைக்கை எடுத்து என்ன சொன்னார் என்று நீங்களும் கேட்டீர்கள். "சாமி முன்னால பொய்ப் பாட்டுப் படிச்ச பொம்பளைக்கு இனி இந்த மேடையில இடம் கெடையாது." அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வீடியோ எங்கள் பை தைக்கும் பட்டறை வரைக்கும் வந்துவிட்டது. "டேப்பு அக்கா, ஒங்களுக்கு சுவிட்ச் எங்க இருக்கு?" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், அழுதால் இன்னும் கேட்பார்கள். நம் சந்தில் நடக்க முடியாமல்தான் அக்கா வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு கேள்வி கேட்கிறேன். என் குரல் உங்கள் பெட்டிக்குள் எப்படி வந்தது?

ஊரே என்னைப் பார்த்தபோது நான் திரும்பி உங்களைப் பார்த்தேன், ஏதாவது சொல்வீர்கள் என்று. நீங்களும் ஊரோடு சேர்ந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஆச்சரியமாக. அந்த ஆச்சரியம் எங்கிருந்து வந்தது?

செல்வி


தாராவி
28 ஆகஸ்ட் 2024

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதத்தை மருந்துக் கடையில் வேலைக்கு நடுவில் படித்தேன். வந்த ஒருவருக்கு இருமல் மருந்துக்குப் பதில் வயிற்று மருந்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் படிக்கத் தெரிந்தவர், தப்பித்தார்.

முதல் கேள்விக்கு உண்மையைச் சொல்கிறேன். ஜூலை மாதம் அண்ணாச்சி வீட்டு மாடியில் பயிற்சி நடந்தபோது, உன் மைக்கை என் கீபோர்டின் பின்னால் செருகி, நீ பாடியதைப் பென்டிரைவில் பிடித்துவைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. கெட்ட எண்ணம் இல்லை. கொடையில் நீ பாடிய அந்த அம்மன் பாட்டில் நடுவில் வரும் வாத்திய இடம் முதல் தடவை எட்டுத் தாளச் சுற்று, அடுத்தது பன்னிரண்டு, அதற்கடுத்தது ஆறு என்று எண்ணி வாசிக்கவேண்டும். எனக்கு எப்போதும் எண்ணிக்கை தவறும். உன் குரலை ஹெட்போனில் ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்தால் எங்கே நிற்கிறேன் என்று தெரியும். வீட்டில் அப்படித்தான் பழகினேன். மேடையிலும் அதை விட்டுவிடத் தைரியம் வரவில்லை.

என் தவறு எங்கே என்றால், அந்த ஹெட்போன் ஓட்டையில். என் பழைய கீபோர்டு உனக்குத் தெரியும், உடம்பிலேயே ஸ்பீக்கர் உள்ளது. அதில் ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் வாயை மூடிக்கொள்ளும். பன்னிரண்டு வருஷம் அப்படியே பழகிவிட்டேன். ஹெட்போன் மாட்டினால் எனக்கு மட்டும்தான் கேட்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்தது இல்லை.

மேடைக் கீபோர்டு வேறு ஜாதி. அதில் ஸ்பீக்கர் கிடையாது. பின்னால் 'மெயின்' என்று இரண்டு ஓட்டை, அதிலிருந்து வயர் நேராக சைஃபின் மிக்சருக்குப் போகிறது. ஹெட்போன் செருகினாலும் மெயின் மூடாது. என் காதில் விழுவது எல்லாம் ஊர்க் காதிலும் விழும். காதுக்கு மட்டும் வேண்டுமென்றால், பென்டிரைவ் சத்தம் மெயினுக்குப் போகாமல் பக்கத்தில் இருக்கும் 'சப்' ஓட்டைக்குப் போகும்படி உள்ளே ஒரு பக்கத்தில் மாற்றி வைக்கவேண்டும். ஹெட்போனையும் அதைக் கேட்கும்படி வைக்கவேண்டும். புத்தகத்தில் எண்பத்திநாலாம் பக்கத்தில் இருக்கிறது. நான் இருபதாம் பக்கத்தோடு மூடிவைத்துவிட்டேன்.

நீ சுருதியில் விளையாடுவாய், தாளத்தில் ஒரு இம்மி விலகமாட்டாய். அதனால் இரண்டு குரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சைஃப் கூட இடையில் என்னிடம் வந்து "ஆஜ் தீதி கி ஆவாஜ் ஏக்தம் பாரி ஹை" என்றான். உன் குரல் இன்று கனமாக இருக்கிறதாம். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நீ நிறுத்தியபோதுதான் உறைத்தது.

இரண்டாவது கேள்விக்கும் பதில் சொல்கிறேன். நான் வேதக்காரன். அம்மன் கொடையில் கிறிஸ்தவன் ஒருவன் ஏதோ தில்லுமுல்லு செய்தான் என்று ஒருவர் வாயிலிருந்து வந்தால் போதும், அது எங்கே போய் முடியும் என்று உனக்குத் தெரியும். அந்தப் பயத்தில் வாய் கட்டிப்போய்விட்டது. பென்டிரைவைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மன்னித்துக்கொள்.

டென்சில்


மான்குர்த்
5 செப்டம்பர் 2024

டென்சில் அவர்களுக்கு,

ஓட்டைகள் பற்றி நன்றாகப் புரிந்தது. பட்டறையில் மெஷின் ரிப்பேர் செய்கிறவர் கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லமாட்டார்.

வேதக்காரன் கதை மட்டும் புரியவில்லை. பதினோரு வருஷமாக அந்த மேடையில் வாசிக்கிறீர்கள். கொடைக்குக் கொடை வேட்டி கொடுக்கிறார்கள், வாங்கிக்கொள்கிறீர்கள். சர்க்கரைப் பொங்கல் வாளியில் வருகிறது, "சுனிதாவுக்கும் ஒரு கரண்டி போடுங்க" என்று கேட்டு வாங்குகிறீர்கள். உங்கள் அம்மா இறந்தபோது கமிட்டிக்காரர்கள்தான் கல்லறை வரைக்கும் தூக்கினார்கள். அந்தச் செயலாளரும் ஒரு தோள் கொடுத்தார். உங்களை வேதக்காரன் என்று ஒருவர் பிரித்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் உங்களுக்கு மதம் ஞாபகம் வந்ததாக்கும்.

கடிதத்தில் மன்னிப்புக் கேட்கிறீர்கள். இதுவும் ஹெட்போன் மாதிரிதான், எனக்கு மட்டும் கேட்கிறது. என்னை மைக்கில்தான் திட்டினார்கள்.

செல்வி


தாராவி
22 செப்டம்பர் 2024

செல்விக்கு,

இரண்டு வாரமாக எழுதிக் கிழித்துப் போட்டேன்.

மதம் என்று எழுதியது பொய். எழுதும்போதே தெரியும், கனமான காரணமாக இருக்கட்டும் என்று எழுதினேன். உண்மை மிகவும் சின்னது. அண்ணாச்சி அந்தப் புதுக் கீபோர்டைக் கொண்டுவந்த அன்று, எல்லோர் முன்னாலும், "இத ஓட்டுததுக்கு தாராவியில டென்சில விட்டா ஆளு ஏது?" என்றார். நான் ஆமாம் என்பதுபோல நின்றேன். ஹெட்போன் எதை மூடும், எதை மூடாது என்றுகூடத் தெரியாதவன் என்று சைஃப் முன்னால் வெளியே வந்துவிடுமே என்ற வெட்கம். எண்ணிக்கை தவறுகிறவன் என்றும் தெரிந்துவிடும். அவ்வளவுதான். அதற்காக உன் பதினாறு வருஷத்தைக் கொடுத்துவிட்டேன். ஆச்சரியப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன். அந்த முகத்தை இப்போது கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆயுத பூஜை அன்று நம் சந்தில் நிகழ்ச்சி இருக்கிறது. அதே கமிட்டி, அதே ஜனம். மைக்கில் சொல்கிறேன். நீ வருவாயா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

டென்சில்


தாராவி
14 அக்டோபர் 2024

செல்விக்கு,

சொல்லிவிட்டேன். சொன்னதும் மனது லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. காரணத்தையும் எழுதிவிடுகிறேன், வேறு யாராவது உன்னிடம் சொல்லுமுன்.

சாயங்காலம் ஆறரை மணி. பூஜை முடிந்து பொரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டுக்கு முன்னால் நான் மைக்கை வாங்கினேன். "கொடையில செல்வி டேப்பு போட்டுப் பாடல. அவ நெசமாத்தான் பாடினா. தப்பு எம்மேல" என்றேன். யாருக்கும் புரியவில்லை. அதனால் ஹெட்போனைக் காதில் மாட்டி, பென்டிரைவைக் கீபோர்டில் செருகி, உன் குரலை ஓடவிட்டேன். "இப்ப பாருங்க, எங்காதுல மாட்டியிருக்கேன், ஒங்களுக்கும் கேக்குது. இப்படித்தான் அன்னிக்கும் ஆச்சு. எனக்கு மெஷின் ஓட்டத் தெரியல" என்றேன்.

யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும். செயலாளர் மேடைக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "தப்ப ஒத்துக்கிடுததுக்கு ஒரு மனசு வேணும்யா. நம்ம டென்சிலுக்கு அது இருக்கு" என்று மைக்கில் சொல்லி, சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த பொன்னாடையை எடுத்து எனக்குப் போர்த்தினார். ஜனங்கள் விசில் அடித்தார்கள்.

செல்வி, நான் அதைத் தட்டிவிடவில்லை. கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து ஏழு பாட்டு வாசித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான், உன் பெயரை நான் ஒரு தடவை சொன்னேன், அதற்கப்புறம் ஒருவரும் சொல்லவில்லை என்பது உறைத்தது. நீ வாயசைத்தாய் என்று நினைத்தபோது உன்னை விரட்டினார்கள். நான் தவறு செய்தேன் என்று தெரிந்தபோது எனக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அது நாற்காலியில் கிடக்கிறது. சுனிதா மடித்துவைக்கப் போனாள், தொடாதே என்று கத்திவிட்டேன். அவள் என்ன செய்வாள் பாவம்.

டென்சில்


மான்குர்த்
25 அக்டோபர் 2024

டென்சில் அண்ணனுக்கு,

செல்வி எழுதுவது. நீங்கள் சொன்னதைப் பட்டறையில் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். உங்கள் கடிதத்தில்தான் பொன்னாடையோடு சேர்த்து முழுதாக வந்தது. அதை மறைக்காமல் எழுதினீர்கள். அதனால்தான் மேலே அண்ணன் என்று போட்டிருக்கிறேன்.

புதன்கிழமை செயலாளரும் கணேசபாண்டியன் அண்ணாச்சியும் இங்கே வந்தார்கள். அக்கா டீ போட்டாள். செயலாளர், "டென்சிலே பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டாரு. நீயும் பெரிய மனசு பண்ணி கார்த்திகைக்கு வந்து பாடிரும்மா" என்றார். நான், "சரி, வாரேன். மேடையில இடம் இல்லைன்னு மைக்குல சொன்னீகள்லா, அது தப்புன்னு அதே மைக்குல ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "பழசக் கிளறினா நல்லாவா இருக்கும்?" என்றார். இரண்டரை மாதம் அவருக்குப் பழசாகிவிட்டது. அண்ணாச்சி டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடம் ஒரு கோபம் பாக்கி இருக்கிறது. ஆயுத பூஜை அன்றும் என்னைக் கேட்காமல் என் குரலை ஓடவிட்டீர்கள். நல்லதுக்குத்தான், தெரியும். முதல் தடவையும் கெட்ட எண்ணம் இல்லை என்றுதான் எழுதினீர்கள். அதை அழித்துவிடுங்கள்.

இன்னொன்று, கேட்கலாமா என்று யோசித்துத்தான் கேட்கிறேன். நான் இல்லாத அந்த மேடையில் நீங்கள் வாசிக்கப்போகிறீர்களா?

செல்வி


தாராவி
15 டிசம்பர் 2024

அன்புள்ள செல்விக்கு,

உன் கேள்விக்கு ஒன்றரை மாதம் கழித்துப் பதில் எழுதுகிறேன். வாசிக்கவில்லை. உன் கடிதம் வந்த வாரமே அண்ணாச்சியிடம் போய், செல்விக்குச் சொல்லவேண்டியதை மைக்கில் சொல்லும்வரை வரமாட்டேன் என்றேன். "நீ வரலைன்னா பந்தல் சாஞ்சிருமோல?" என்று கேட்டார். எனக்கும் கோபம் வந்தது. அப்படியே இறங்கி வந்துவிட்டேன். இதை உனக்கு உடனே எழுதாததற்குக் காரணம், நீ சொன்ன இன்னொன்றை நான் செய்யவில்லை.

உன் குரலை அழிக்கவில்லை. பென்டிரைவ் ஆயுத பூஜை அன்று செருகியபடியே கீபோர்டில் இருந்தது. அப்புறம் எடுக்கலாம், அப்புறம் எடுக்கலாம் என்று விட்டேன். அழிக்க மனம் வராமல்தான் விட்டேன், மறந்தேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். கோபத்தில் இறங்கி வந்த அன்று அதுவும் கீபோர்டோடு அண்ணாச்சி வீட்டிலேயே நின்றுபோனது.

வெள்ளிக்கிழமை கார்த்திகை. கிங்ஸ் சர்க்கிளில் கடை வேலையை முடித்துவிட்டு நடந்து வந்தேன். கோயில் பக்கம் போகக்கூடாது என்றுதான் இருந்தேன். சந்து முனையில் திரும்பியதும் நீ பாடுவது கேட்டது. அதே அம்மன் பாட்டு. சமாதானமாகி நீ வந்துவிட்டாய் என்று நினைத்து ஓடினேன் செல்வி, இந்த வயதில், கையில் பையோடு. அவ்வளவு சந்தோஷம் எனக்கு இந்த வருஷத்தில் வரவில்லை.

மேடையில் யாரும் இல்லை. கீபோர்டைப் போர்வை போட்டு மூடியிருந்தது. மைக் தனியாக நின்றது. சைஃப் மட்டும் மிக்சர் முன்னால் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பென்டிரைவ் மிக்சரில் மினுங்கிக்கொண்டிருந்தது. பாட ஆள் இல்லை, வாசிக்க ஆள் இல்லை, இதைப் போட்டுவிடு என்று அண்ணாச்சி கொடுத்தாராம்.

படி முழுக்க விளக்கு. ஜனங்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் முதல் நாற்காலியில் கண்ணை மூடித் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்று இரண்டு சரணம் கேட்டேன். ஒருவராவது டேப்பு என்று கத்துவார்களா என்று பார்த்தேன். ஒருவரும் கத்தவில்லை. உன்னை எந்தப் பொய்க்காக விரட்டினார்களோ அதே பொய்யை உன் குரலிலேயே சாமிக்குப் படைத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துக் கொடுத்தது நான்.

போய்ப் பென்டிரைவைப் பிடுங்கினேன். பாட்டு வரியின் நடுவில் நின்றது. ஊரே திரும்பி என்னைப் பார்த்தது. "ஏல கிறுக்கா, சாமி பாட்ட நிப்பாட்டுதியே!" என்று அண்ணாச்சி கத்தினார். "செல்வி கொரலு வேணும்னா செல்விகிட்டப் போயி மைக்குல மன்னிப்புக் கேளுங்க. கேக்காம எடுத்தது நான் செஞ்ச தப்பு. நீங்களும் செய்யாதீங்க" என்றேன். மைக் இல்லாமல்தான் சொன்னேன், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. செயலாளர் எழுந்து மைக் பக்கம் போனார். கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். சொல்லிவிட்டார் என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. சொல்லவில்லை, கீழே வைத்துவிட்டார். ஆறுமுகத்தாய் அக்கா, "அப்பம் பாட்டு இல்லியா? நான் போறேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவர்கள் பின்னால் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் எழுந்து போனார்கள். எனக்கு யாரும் கை தட்டவில்லை. நல்லவேளை.

மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கீபோர்டுக்குள்ளும் தேடிப்பார்த்தேன், நகல் எதுவும் இல்லை. பென்டிரைவைத் துணியில் சுற்றி இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். அதற்குள் நீ முழுசாக இருக்கிறாய். ஒட்டுவதற்கு முன்னால் ஹெட்போனை மாட்டி ஒரே ஒரு முறை கேட்டுவிடலாம் என்று கை போனது. கையை எடுத்துக்கொண்டேன். உன்னைக் கேட்காமல் இனி உன் குரலை நான் கேட்கமாட்டேன்.

டென்சில்